பழைய கணினியின் விசைப்பலகை



எந்தப் பொறியும் மனிதனுடைய கை படும் இடத்திலேதான் முதலில் தேய்கிறது. கவலையிறைக்கும் கிணற்றில் கயிறு தேயும். தையற்பொறியில் மிதிகட்டை தேயும். தட்டச்சுப் பொறியில் விரல் படும் விசைகளின் எழுத்து அழியும். கணினியும் இதற்கு விலக்கன்று. உள்ளே இருக்கும் சில்லுகள் நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் பழுதின்றி வேலை செய்வதைக் காண்கிறோம். ஆனால் வெளியே இருக்கும் விசைப்பலகையோ தூசியாலும் துருவாலும் முதலில் வாயடைத்துப் போகிறது. வாயடைத்த கணினியை இறந்த கணினி என்று கருதி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அவ்வாறு எடைக்குப் போகாமல் தப்பிய ஒரு கணினியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதன் விசைப்பலகையைப் பழைய நிலைக்குக் கொணர்ந்தது ஒரு வேலை. அதிலே தமிழ் எழுதும்படி மாற்றியமைத்தது மற்றொரு வேலை. முன்னதில் பொறியைச் செய்தவன் சொல்லுக்கு நாம் பணிந்து நடக்கிறோம். பின்னதில் நம் சொல்லை அப்பொறி கேட்கும்படி செய்கிறோம். இவ்விரண்டும் எங்கே இணங்குகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதுதான் இப்பேச்சின் பொருள்.

அந்தக் கணினியின் பெயர் பி.பி.சி. மைக்ரோ. ஓர் ஒலிபரப்பு நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கணினி அது என்பதை வானொலியில் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது. மக்களுக்குக் கணினிக் கல்வி புகட்டுவதென்று பி.பி.சி. ஒரு திட்டம் வகுத்தது. அத்திட்டத்துக்கென இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகார்ன் என்னும் சிறு நிறுவனம் அமைத்துக் கொடுத்த இயந்திரம் 1981ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைபேசியில் நாம் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. ஆயினும் அதை எளியதென்று எண்ணிவிட வேண்டா. அதனை அமைத்தவர்களில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்னும் இருவரே பின்னர் ‘ஏ.ஆர்.எம்.’ என்னும் செயலியை வடித்தனர். 1985இல் அச்செயலி முதன்முதல் ஒரு பி.பி.சி. மைக்ரோவோடு இணைக்கப்பட்டே இயங்கிப் பார்க்கப்பட்டது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைபேசிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதன் வழிவந்த செயலிதான் இருக்கிறது.

இந்தியாவுக்கு அது பள்ளிகளின் வாயிலாக வந்தது. 1984இல் நடுவண் அரசு ‘கிளாஸ்’ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு இக்கணினியை வழங்கியது. சண்டிகருக்கு அருகே மொகாலியில் இருந்த அரசு நிறுவனமாகிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் பெற்று இதே கணினியை ‘யூனிகார்ன்’ என்னும் பெயரில் நம் நாட்டிலேயே ஆக்கியளித்தது. 1989இல் அந்நிறுவனத்தின் ஆலையில் பெருந்தீ மூண்டது. அதற்குள் கணினி உலகமும் வேறு வகைப் பொறிகளின் பக்கம் திரும்பிவிட்டது. பள்ளிகளில் இருந்தவை மெல்ல மெல்ல அலமாரிக்கும், அங்கிருந்து ஏலத்துக்கும் சென்றன.

அப்படி ஏலத்தில் போன ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்திருந்தது. வடநாட்டுப் பள்ளியொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தாம் பாடம் சொல்லிக் கொடுத்த கணினியையே ஏலத்தில் எடுத்துத் தம் ஊருக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றியிருந்தார். பல ஆண்டுகள் கழித்து அதை இறக்கியபோது வெளிர் மஞ்சளாயிருந்த அதன் உறை வெற்றிலைக் கறை படிந்த பல்லைப்போல் பழுப்பேறியிருந்தது. இராஜபாளையத்திலிருந்து கல்லூரி மாணவர் மூவர் அதைப் பார்க்க வந்தனர். இரண்டு ஊருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே. பேருந்தில் மடியில் வைத்தே கொண்டுபோய்விட்டார்கள். அவர்களோடு கூட இருந்து வழிகாட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதற்கண் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கணினி கையில் கிடைத்தவுடன் மின்சாரத்தோடு இணைத்துப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். பி.பி.சி. மைக்ரோவின் மின்வழங்கிப் பெட்டிக்குள், மின்னோட்டத்தின் இரைச்சலை வடிகட்டுவதற்கென இரண்டு மின்தேக்கிகள் இருக்கின்றன. ஒளி ஊடுருவும் அவற்றின் உறை காலப்போக்கில் வெடிப்பு விட்டு, ஈரத்தை உள்ளே இழுக்கும். அந்நிலையில் மின்சாரம் பாய்ச்சினால் சில நிமிடங்களில் பெரும்புகை கிளம்பும். அவற்றை மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். அப்பெட்டிக்குள் 230 வோல்ட் ஓடுவதால், மாணவர்கள் தாமாக அதைத் திறக்கலாகாது. தேர்ந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்வதே முறை. விசைப்பலகையில் ஓடுவது 5 வோல்ட்தான். அங்கே அஞ்ச வேண்டியதில்லை.

இனி விசைப்பலகைக்கு வருவோம். எழுபதுக்கு மேற்பட்ட விசைகள் அதில் இருக்கின்றன. விசை ஒன்றுக்கு ஒரு கம்பி என்று இழுத்தால் எழுபதுக்கு மேற்பட்ட கம்பிகள் வேண்டும். அவ்வாறு செய்யாமல், நெசவாளர் துணியில் செய்வதையே பொறியாளர் இங்கே செய்திருக்கின்றனர். பாவு நூல் 10, ஊடை நூல் 8. பாவும் ஊடையும் குறுக்கிடும் இடங்கள் 80. பெரும்பாலான குறுக்கீடுகளில் ஒரு விசை அமர்ந்திருக்கிறது. விசையை அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு பாவும் ஓர் ஊடையும் தொடுகின்றன, அவ்வளவே. 10 பாவு நூல்களையும் ஒரு சிறு சில்லு இமைப்பொழுதில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே செல்கிறது. எந்தப் பாவைத் தொட்டபோது எந்த ஊடையில் விடை கிடைத்ததோ, அதைக் கொண்டு அழுத்தப்பட்ட விசை எது எனக் கணினி அறிகிறது. ‘பிரேக்’ என்னும் ஒரு விசை மட்டும் இந்த நெசவில் சேராமல் தனிக்கம்பி வழியே நேராகச் சென்று, கணினியைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிடுகிறது.

விசையின்மீது பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துக்கும் அந்தத் தொடுகைக்கும் யாதொரு உறவும் இல்லை என்பதை இங்கே மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். விசைப்பலகை கணினிக்கு அனுப்புவது எழுத்தையன்று, இடத்தை. ‘நான்காம் ஊடை, முதலாம் பாவு’ என்பதே அது சொல்லும் செய்தி. அந்த இடத்துக்கு இந்த எழுத்து என்று கூறும் பட்டியல் கணினியின் நினைவகத்தில் இருக்கிறது. இதை நன்கு விளங்கிக்கொண்டால் பழுதுபார்ப்பதும் எளிது, மாற்றியமைப்பதும் எளிது.

எங்களுக்கு வந்த கணினியில் இரு வகைக் கோளாறுகள் இருந்தன. ‘எல்’ விசையை ஒரு முறை அழுத்தினால் மூன்று எழுத்து விழுந்தது. ‘ஏ’, ‘எஸ்’, ‘டபிள்யூ’, ‘இசட்’ என்னும் நான்கு எழுத்துகளும், 2, 3 என்னும் எண்களும் சிறிதும் விழவில்லை. மாணவர்கள் உடனே அந்த விசைகளையெல்லாம் பிடுங்கித் தூய்மை செய்யத் தொடங்கினர். இரண்டு நாள் உழைத்தும் பயன் இல்லை. இராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையொன்றில் வேலை செய்பவர் ஒருவர் உண்டு. கணினியை அவர் திறந்து பார்த்தவர் அல்லர். எனினும் மாணவர்கள் அவரிடம் சென்று நிலைமையைச் சொன்னார்கள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி, ஆறு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தால் ஆறு பல்பும் சுட்டுப்போச்சு என்றா பார்ப்பீர்கள்? ஆறுக்கும் பொதுவான கம்பி எது, அதைப் பாருங்கள்” என்றார். “சரி அண்ணாச்சி” என்று திரும்பி வந்து, அந்த ஆறு விசைகளும் நெசவில் எங்கே இருக்கின்றன என்று தாளில் குறித்துப் பார்த்தார்கள். ஆறும் ஒரே பாவு நூலில் இருந்தன. அதே நூலில் இருக்கும் ஏழாவது விசை, மேல் வரிசையிலுள்ள சிவப்பு விசைகளில் ஒன்று. அதை அழுத்திப் பார்த்தார்கள், அதுவும் ஊமை.

அதன் பிறகு ஆராய வேண்டிய இடம் மிகக் குறுகிவிட்டது. கணினிக்கும் விசைப்பலகைக்கும் இடையே ஒரு தட்டையான கம்பிப்பட்டை ஓடுகிறது. பாவின் எண்ணைத்தான் அது சுமந்து வருகிறது. பாவு நூல்கள் அதன் வழியே வருவதில்லை. ஆகவே, ஒரு பாவு மட்டும் செத்திருந்தால் குற்றம் கம்பிப்பட்டையில் இருக்க முடியாது. பாவுகளைத் தொடும் சில்லுக்கும் முதல் விசைக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சில்லின் காலிலும் மறு முனையை விசையின் காலிலும் வைத்தபோது ஒலி எழவில்லை. பூதக்கண்ணாடியால் நோக்கினால், சில்லின் அந்தக் காலைச் சுற்றியிருந்த ஈயத்தில் தலைமயிரளவு வட்டமான வெடிப்பு ஒன்று தெரிந்தது. சாலிடர் கோலை ஒரு முறை வைத்து, புதிதாகத் துளி ஈயம் விட்டதும் ஏழு விசைகளும் உயிர்பெற்றன. இரண்டு நாள் கழுவியும் தீராதது இரண்டு நொடியில் தீர்ந்தது.

‘எல்’ விசையின் நோய் வேறு. ஒரு விசை மட்டும் முறை தவறி நடந்தால் குற்றம் அந்த விசையிலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளின்மேல் அழுக்குப் படிந்திருந்தால், அழுத்தும்போது அவை ஒரு முறை தொடாமல், தொட்டும் விட்டும் துள்ளும். கணினி அதைப் பல முறை அழுத்தியதாகக் கொள்ளும். தலையைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில துளிகளை விட்டு, நூறு முறையாவது அழுத்தி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் விசையையே ஈயம் உருக்கி எடுத்து, அரிதாகப் பயன்படும் விசை ஒன்றை அதன் இடத்தில் வைக்கலாம். எங்களுக்கு அந்தத் தேவை ஏற்படவில்லை. நூற்பாலைகளில் பழைய இயந்திரம் ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றை ஓட்டும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்த ஊர் இராஜபாளையம். 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்லின் காலத்திலிருந்து அவ்வூரில் பொறி பழுதுபார்ப்பது ஒரு வீட்டுக் கலையைப் போன்றது. ஆதலால் இந்த யோசனையை நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

எல்லா வீட்டுக் கணினிகளும் இவ்வளவு எளிதில் இணங்குவன அல்ல. 1982இல் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரமில் விசைகள் 40. 5 நூலும் 8 நூலும் குறுக்கிடும் நெசவு. ஆனால் அங்கே நூல்கள் மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் அச்சிடப்பட்டிருக்கின்றன. அத்தாளின் வால் நாளடைவில் காய்ந்த வாழைச்சருகுபோல் ஒடியும். ஒடிந்ததை ஒட்டுவது வீண் வேலை. இப்போது புதிதாகச் செய்து விற்கும் தாளை வாங்கி மாற்றுவதே வழி.

விசைத் தலைகளைத் தூய்மை செய்வது பற்றிச் சுருங்கச் சொல்கிறேன். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி இரு பக்கமும் மாட்டி நேர் மேலே இழுக்க வேண்டும். சாய்த்தால் கழுத்து முறியும். வெதுவெதுப்பான சோப்பு நீர் போதும். கொதிநீரில் இட்டால் நெளிந்துவிடும். பஞ்சு பறக்கும் ஊர்களில் விசைகளுக்கு அடியில் மெத்தையே உருவாகியிருக்கும். அதைத் தூரிகையால் தள்ளாமல் இடுக்கியால் எடுப்பது நல்லது.

உறையின் பழுப்பைப் போக்க வேறொரு முறை இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி, மேலே கண்ணாடித்தாள் சுற்றி, வெயிலில் வைப்பார்கள். வெயிலிலுள்ள புறஊதாக் கதிரும் பெராக்சைடும் சேர்ந்து நிறத்தை மீட்கும். 2008ஆம் ஆண்டளவில் பழங்கணினி ஆர்வலர்களிடையே இம்முறை பரவியது. இராஜபாளையத்து மொட்டைமாடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒரே பகலில் உறை வெளுத்தது. ஆனால் அந்த நீர்மம் தோலைச் சுடும், கண்ணைக் கெடுக்கும், கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடலாகாது. பிளாஸ்டிக்கின் பழுப்பும் சில ஆண்டுகளில் மீண்டும் வரக்கூடும். என்னைக் கேட்டால், பழுப்பு நிறம் கணினிக்கு ஒரு நோயன்று. நான் இருந்தபடியே விட்டிருப்பேன். மாணவர்கள் கேட்கவில்லை.

இதுவரை சொன்னது மீட்பு. கணினி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. ஆசிரியரை அழைத்துக் காட்டினோம். அவர் மகிழ்ந்தார், ஆனால் சிறிது நேரத்தில், “இதன் முன்னால் இத்தனை ஆண்டு உட்கார்ந்து பாடம் நடத்தினேன். ஒரு தமிழெழுத்துகூட இதன் திரையில் நான் பார்த்ததில்லை. அகரத்தை ஒரு முறை பார்க்க முடியுமா?” என்று கேட்டார்.

அங்கேதான் மாணவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒருவர், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, கையகலப் புதுக் கணினி ஒன்றை வைத்து, விசைப்பலகையை அதனுடன் இணைத்துவிட்டால் தமிழ் தானே வரும் என்றார். அப்படிச் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வேலை செய்யவும் செய்யும். மற்றொருவர், விசைத் தலைகளைத் தேய்த்து ஆங்கிலத்தை அழித்து, அதன்மேல் தமிழை எழுதலாம் என்றார். மூன்றாமவர் எதையும் தொடக் கூடாது என்றார். நான் மூன்றாமவர் பக்கம் சாய்ந்தேன் என்றாலும், ஆசிரியரின் கேள்விக்கு அது விடையாகாது. இரண்டாமவரின் வழி நடக்கவும் நடக்காது; ஏனெனில் இக்கணினியின் விசைத் தலைகளில் எழுத்து பூசப்படவில்லை. ஒரு நிறப் பிளாஸ்டிக்கின் உள்ளே மற்றொரு நிறத்தை வார்த்து எழுத்தாக்கியிருக்கிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் எழுத்து போகாது, தலைதான் போகும்.

தமிழ்நாட்டுப் பெருந்தேர்கள் பலவற்றுக்கு இன்று மரச் சக்கரங்கள் இல்லை. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் செய்தளித்த இரும்புச் சக்கரங்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. சக்கரத்தை மாற்றியவர்கள் அதன்மேல் உள்ள மரச் சிற்பங்களில் உளி வைக்கவில்லை. ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடும் ஊரில் இதைச் சொன்னதும் விளங்கிவிட்டது. எந்த மாற்றமும் வேண்டாத நாளில் கழற்றிவிடக் கூடியதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பொறியில் ஒரு கம்பியையும் வெட்டுவதில்லை. மாற்றம் முழுவதும் பட்டியலில்.

தமிழுக்குப் பட்டியல் அமைப்பது புதிய வேலையன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள், 247 எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகையில் அடக்கும் புதிருக்கு விடை கண்டவர்களில் தலையாயவர். தட்டச்சுப் பொறியில் எழுத்து இரும்பில் வார்க்கப்பட்டிருக்கிறது. பட்டியலை மாற்றுவதென்றால் இரும்பையே மாற்ற வேண்டும். ஆகவே, எழுத்துக்கு எழுத்து விசை வைக்காமல் எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்தார்கள். தமிழ்த் தட்டச்சுப் பொறிகளில் நகரா விசை என்று ஒன்று உண்டு. அதை அடித்தால் புள்ளி விழும், தாள் நகராது. அடுத்த விசையை அடித்தால் எழுத்து அப்புள்ளியின் கீழேயே வந்து அமரும். கணினி வந்தபின் 1980களிலேயே கனடாவிலிருந்து ‘ஆதமி’யும் மலேசியாவிலிருந்து ‘முரசு’வும் தமிழைத் திரையேற்றின. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ‘தமிழ்99’ என்னும் விசை அமைப்பைத் தரப்படுத்தியது. அதில் இடக்கைப் பக்கம் உயிர். வலக்கைப் பக்கம் மெய். இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய். தொல்காப்பியர் இலக்கணமும் கைவிரலும் இவ்வளவு அழகாக ஒத்துப்போன அமைப்பு வேறில்லை என்பது என் கருத்து.

தமிழ்99ஐ பி.பி.சி. மைக்ரோவில் பொருத்தியபோது ஒரு சிக்கல். இன்றைய விசைப்பலகையில் ‘பி’க்கு வலப்பக்கம் பகர அடைப்புக்குறி, அங்கே சகரம். பழைய கணினியிலோ அவ்விடத்தில் வேறு குறியிருக்கிறது. அடைப்புக்குறி ஓரிடம் தள்ளி நிற்கிறது. குறியைப் பார்த்து வைத்தால் சுண்டுவிரல் தடுமாறும். இடத்தைப் பார்த்து வைத்தோம். விரல் பழகியபடி சகரம் விழுந்தது. விசைமேல் பொறித்த எழுத்து வெறும் பெயர்ப்பலகை என்று முன்னே சொன்னேன் அல்லவா? மேலும் ஒன்று: தமிழ்99இல் ‘ஏ’ விசை அகரம், ‘எஸ்’ இகரம், ‘டபிள்யூ’ ஈகாரம், ‘இசட்’ ஔகாரம். அந்த ஈய வெடிப்பை அடைக்காமல் விட்டிருந்தால் அகரமே இல்லாத தமிழ்தான் எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

அடுத்தது எழுத்தின் வடிவம். இக்கணினி ஒவ்வோர் எழுத்தையும் அகலத்தில் 8, உயரத்தில் 8 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் வரைகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். மூன்று சுழி ணகரத்தை எட்டுப் புள்ளி அகலத்தில் வரைந்து பாருங்கள். சுழிக்கும் சுழிக்கும் இடையே மூச்சுவிட இடம் இராது. எனவே, வரிக்கு 80 கட்டம் காட்டும் திரைநிலையைத் தேர்ந்து, ஒரு தமிழெழுத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் என்று வகுத்தோம். அத்திரைநிலைக்கே 20 கிலோபைட் போய்விடும். கணினி தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்வதும் போக, நிரலுக்கும் எழுத்துக்கும் எஞ்சியது 8 கிலோபைட்டுக்கும் குறைவு.

ஆங்கிலத்தைக் கெடுக்காமல் நாமே வரைந்துகொள்ளக் கிடைக்கும் கட்டங்கள் 128. கணக்கிட்டுப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. உகர, ஊகார வரிசைகளில் ஒவ்வொன்றும் தனி வடிவம், அவை 36. இதுவே 67. இரண்டிரண்டு கட்டம் என்றால் 134. ஆகாரக் காலும் ஒற்றைக்கொம்பும் இன்னும் வரவில்லை. அதற்குள் இடம் நிரம்பிவிட்டது.

இங்கே மாணவர்களுக்குக் கைகொடுத்தது அந்தப் பழைய நகரா விசைதான். பி.பி.சி. மைக்ரோவில், ‘வி.டி.யூ. 5’ என்னும் கட்டளையை இட்டால், ஓர் எழுத்தின்மேல் மற்றோர் எழுத்தை முன்னது அழியாமல் வரையலாம். மெய்யை எழுதி, பின்னே சென்று, அதன் தலையில் புள்ளியை வைத்தார்கள். உகரத்தையும் அப்படியே பிரித்தார்கள். ஙு, சு, பு, யு, வு இவ்வைந்துக்கும் ஒரே வால். ஞு, ணு, து, நு, லு, று, னு இவ்வேழுக்கும் ஒரே வால். டு, மு, ரு, ழு, ளு இவ்வைந்துக்கும் ஒரு வால். கு மட்டும் தனி. பதினெட்டு வடிவங்கள் மூன்று வாலும் ஒரு குகரமுமாகச் சுருங்கின. நாள்தோறும் எழுதும் எழுத்துகளில் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறதென்பதை மாணவர்கள் அன்றுதான் கவனித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அதை இவ்வளவு கூர்ந்து நோக்கியதில்லை. ட, ப, ர போன்ற ஒல்லியான எழுத்துகளை ஒரே கட்டத்தில் அடக்கினார்கள். 128 போதுமானதாயிற்று.

முடித்த நிரலை ஒலியாக மாற்றிக் கைபேசியில் பதிந்து, ஒலிநாடாப் பெட்டி இணைக்கும் துளையில் கைபேசியைச் செருகி, பழைய கணினிக்கு ஊட்டினார்கள். பாட்டிக்குப் பேரன் கதை சொன்னது போல இருந்தது. சிவப்பு விசைகளுக்கு மேலே குறிப்புத்தாள் செருகுவதற்கென்றே ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு. தமிழ் விசைப்படத்தை ஒரு தாளில் எழுதி அதனடியில் வைத்தோம். ‘பிரேக்’ விசையைத் தட்டித் தாளையும் உருவிவிட்டால் 1980களின் கணினி அப்படியே திரும்ப நிற்கும்.

ஆசிரியர் வந்தார். அகரத்தை அடித்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தம் ஊர்ப் பெயரை அடிக்கத் தொடங்கி விரலை நிறுத்திக்கொண்டார். ஸ்ரீ இல்லை. மாணவர்கள் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டார்கள், ஜகரமும் இல்லை. முப்பத்தோரெழுத்தை எண்ணி எண்ணி அடக்கியதில் கிரந்த எழுத்து ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. கட்டமோ ஒன்றும் மீதமில்லை. அன்றிரவே ஔகாரத்தைத் தனியாக வரைந்திருந்ததை நீக்கி, ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடிக்கச் செய்தார்கள். ஊகாரத்தையும் அவ்வாறே உகரத்திலிருந்து ஆக்கினார்கள். நான்கு கட்டம் மிஞ்சியது. ஜகரத்துக்கு இரண்டு; ஸ்ரீக்கு இரண்டு. நெருக்கி வரைந்த அந்த ஸ்ரீ, நான்கடி தள்ளி நின்று பார்த்தால் ஸ்ரீயாகவே தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு சிலந்திப் பூச்சியைப் போல இருக்கிறது. மூவரும் இன்னும் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.